விக்டோரியா பப்ளிக் ஹால் எதற்காகக் கட்டப்பட்டது? அங்கே மறுபடி நாடகம் நடக்குமா?

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பற்றி, "இது முதலில் நாடகக் கொட்டகையா, சினிமாக் கொட்டகையா? இத்தனை வருடம் ஏன் பூட்டிக் கிடந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், சரிசெய்த பிறகு அதை நாடகக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்ப்பது இருபது வருடங்களுக்கு மேலாக என் தொழில். ஆனால் இந்தக் கட்டடத்தின் சீரமைப்பில் எனக்குப் பங்கில்லை; ஆகவே உள்ளே நடந்த வேலையின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். கட்டட வரலாற்றையும், இத்தகைய கட்டடங்கள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான விடை: இரண்டும் இல்லை. இது ஒரு நகர மண்டபமாகத் திட்டமிடப்பட்டது. சென்னைப் பெரிய மனிதர்கள் 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, ஊருக்கென்று ஒரு பொதுக் கூடம் வேண்டும் என்று முடிவு செய்து நிதி திரட்டினார்கள். 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். விக்டோரியா மகாராணி பட்டமேற்ற ஐம்பதாம் ஆண்டு விழா 1887இல்தான் வருகிறது. எனவே அடிக்கல் போட்டபோது ராணியின் பெயருக்கு அங்கே வேலையே இருந்திருக்க முடியாது. அந்தப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி, உயர் நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய அதே ஒப்பந்ததாரர். திறப்பு விழா ஆண்டில்தான் குழப்பம் இருக்கிறது. 1887 என்று ஒருவர் எழுதுவார், 1888 என்று இன்னொருவர், 1890 என்று வேறொருவர். மண்டபத்தைத் திறந்துவைத்த கன்னிமரா பிரபு ஆளுநராக இருந்த காலம் 1886 கடைசியிலிருந்து 1890 கடைசி வரை என்பதால் எல்லா ஆண்டுகளும் அவர் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அவர் திறந்தார் என்பதை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் விக்டோரியா நினைவு மண்டபம் என்று வேறொரு சிவப்புக் கட்டடம் இருக்கிறது. அது ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1909இல் திறக்கப்பட்டது, பின்னாளில் தேசியக் கலைக்கூடம் ஆனது. பழைய கட்டுரைகளில் "விக்டோரியா ஹால்" என்று மட்டும் கண்டால், 1909க்கு முந்திய செய்தியாக இருந்தால் அது சென்ட்ரல் பக்கத்து மண்டபமே. அதற்குப் பிந்தியதாக இருந்தால் எது என்று நின்று யோசிக்க வேண்டும். இணையத்தில் சுற்றும் படங்களிலும் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவை உண்டு.

மண்டபம் எழுந்த இடம் மக்கள் பூங்காவின் ஒரு மூலை. ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் உருவான அந்தப் பெரிய பூங்காவில்தான் பின்னாளில் சென்னைவாசிகள் "உயிர் காலேஜ்" என்று அழைத்த மிருகக்காட்சி சாலை இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகம் அவர்களுக்குச் "செத்த காலேஜ்". டிசம்பர் கடைசியில் பூங்காவில் கூடும் கண்காட்சிக்கு ஊரே திரளும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சிப் பந்தல்களில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1888இல் பொதுமக்கள் கூடும் இடங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் வந்தது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது; ஆனால் கால வரிசை மட்டும் காரணம் ஆகிவிடாது என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். கீற்றும் மூங்கிலும்தான் அன்றைய கேளிக்கை இடங்களின் கட்டுமானப் பொருள் என்ற நிலையில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட ஒரு மண்டபம் ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்பதை மட்டும் இதிலிருந்து உணரலாம்.

கட்டட அமைப்பே அதன் நோக்கத்தைச் சொல்லும். கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 600 பேர் அமரலாம் என்றும், மேல் கூடத்தில் கிழக்குப் பக்க மர காலரியில் மேலும் 200க்கு மேற்பட்டவர்கள் இடம் பெறலாம் என்றும் வழக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. வடக்கிலும் தெற்கிலும் வளைவுகள் கொண்ட தாழ்வாரம், ஒரு பக்கம் கோபுரம், கோபுரத்தின் தலையில் திருவிதாங்கூர் பாணிச் சரிவுக் கூரை. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியபோது சிஷோம் கற்ற பாடம் அந்தக் கூரை. நாடகத்துக்கென்றே கட்டியிருந்தால் மேடைக்கு மேலே திரைச்சீலைகளை இழுத்துத் தொங்கவிட உயரமான ஒரு கூண்டு எழும்பியிருக்கும்; வெளியிலிருந்து பார்த்தாலே அது தெரியும். இங்கே அப்படி ஒன்று இல்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் விருந்துக்கும் கூட்டத்துக்கும் பொதுவாகக் கட்டிய கூடத்தில் நாடகக்காரர்கள் வந்து குடியேறினார்கள் என்பதே சரி.

ஆனால் எப்படிக் குடியேறினார்கள் என்பது சொல்லத் தக்கது. 1891 ஜூலை முதல் தேதி பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் பெல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார் ஆடிய தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகுதான், அதுவரை நாடகத்தை வெறுத்திருந்த இளைஞரான சம்பந்த முதலியாருக்கு மேடை மேல் ஆசை வந்தது. 1893இல் அவருடைய 'புஷ்பவல்லி' விக்டோரியா ஹாலில் ஏறியது. வக்கீல்களும் அரசு உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு நடிப்பது அன்றைக்குச் சாதாரணக் காரியம் அல்ல. "கூத்தாடி" என்ற சொல்லுக்கு இருந்த இழிவு அப்படி. கொட்டகையில் நடித்திருந்தால் அந்த இழிவு இவர்களையும் தொற்றியிருக்கும். ஆளுநர்களும் நீதிபதிகளும் வந்து உட்கார்ந்து உரை கேட்கும் அதே கூடத்தில் நடித்தபோது நடிப்புக்கு மண்டபத்தின் கௌரவம் கிடைத்தது. சத்தியமூர்த்தியும் சி.பி. ராமசாமி ஐயரும் அந்தச் சபை மேடையில் ஏறியவர்கள். பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். சம்பந்த முதலியாரின் கதாநாயகியாகப் பெயர் பெற்ற ரங்கவடிவேலு அவர்களில் முதன்மையானவர். தமிழ் நாடகத்துக்கு இந்தக் கட்டடம் செய்த பெரிய உதவி மேடை வசதி அன்று, மரியாதை என்பது என் கணிப்பு.

சினிமா வந்ததும் இதே கூடத்தில்தான், நிலைத்து நின்றது வேறு இடத்தில். சென்னையின் முதல் சலனப்படக் காட்சி விக்டோரியா ஹாலில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிதாக வேறுபாடு இல்லை. எப்போது, யாரால் என்பதில் வேறுபாடு உண்டு. எட்வர்ட் என்பவர் 1897இல் காட்டினார் என்பது பழைய புத்தகங்களில் வருவது. சென்னையில் புகைப்படக் கடை வைத்திருந்த டி. ஸ்டீவன்சன் 1896 டிசம்பரிலேயே காட்டிவிட்டார் என்பது பிந்தைய ஆய்வு முடிவு. அன்றைய நாளிதழ்களைத் துழாவி எழுதப்பட்டது என்பதால் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். எப்படியானாலும் அது வாடகைக் காட்சி. சில நாள் ஓட்டிவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். படத்துக்கென்றே நிரந்தரக் கட்டடங்கள் வந்தது 1913ஐ ஒட்டி. மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் அவற்றில் ஒன்று. அதுவும் இரண்டு வருடங்களுக்குமேல் சினிமாவாக நிற்கவில்லை. தபால் துறைக்குப் போய், இப்போது அஞ்சல்தலை விற்பனையகமாக இருக்கிறது. பிழைத்துக்கொண்டது என்னவோ உண்மை. கூரைக்குக் கீழே ஒரே உரிமையாளரும் ஒரே உபயோகமும் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

பொதுக்கூட்டங்களின் கதை இன்னும் சுவையானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது வரவேற்பு இந்த மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. உள்ளே இடம் பிடித்தவர்களைவிட வெளியே நின்ற கூட்டம் பல மடங்கு. அவர் வெளியே வந்து, ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்று, ஆங்கில முறைப்படி நடக்க இருந்தது கீதை முறைப்படி ரதத்தில் நின்று பேசும்படி ஆகிவிட்டது என்று சொல்லிச் சிறிது பேசி முடித்தார். இரண்டு நாள் கழித்து அதே மண்டபத்துக்குள் 'எனது போர்முறை' என்ற உரை நடந்தது. அந்த வரிசையின் கடைசி உரையை ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் வைக்க வேண்டியதாயிற்று. மண்டபம் கட்டிப் பத்து வருடம் ஆவதற்குள்ளேயே பொதுமக்கள் என்ற சொல்லின் அளவு அதைத் தாண்டிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. நீதிக்கட்சி 1916 நவம்பர் 20 அன்று இங்கேதான் உருவானது என்றும் எழுதுகிறார்கள். வேப்பேரியில் எத்திராஜ முதலியார் இல்லத்தில் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் ஒன்றே, இடம் இரண்டு. மூல ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் இதில் ஒரு பக்கம் சேர வேண்டாம் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டிக் கிடந்தது ஏன் என்ற கேள்விக்கு இனி வரலாம். கட்டடம் பழுதாகிப் போனதால் ஆட்கள் வெளியேறினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் தொழில் அனுபவத்தில் வரிசை பெரும்பாலும் தலைகீழ்: ஆட்கள் முதலில் போவார்கள், பழுது பிறகு வரும். இங்கே ஒவ்வொருவரும் தமக்கென்று சொந்த இடம் கிடைத்ததும் போய்விட்டார்கள். நகராட்சி மன்றத்துக்கு 1913இல் பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை எழுந்தது. நகர மண்டபம் என்ற முதல் நோக்கத்தில் பாதி அன்றே போயிற்று. சினிமா மவுண்ட் ரோட்டுக்குப் போனது. சுகுண விலாச சபையும் 1930களில் மவுண்ட் ரோட்டில் தன் இடத்துக்குப் பெயர்ந்தது. கச்சேரி கேட்கும் கூட்டம் மயிலாப்பூர்ப் பக்கம் நகர்ந்தது. ஒலிபெருக்கி வந்த பிறகு அரசியல் கூட்டத்துக்குக் கூரையே தேவைப்படவில்லை, கடற்கரை போதும். குரல் எட்டும் தூரம்தான் 1890இல் ஒரு மண்டபத்தின் எல்லை. மைக் வந்ததும் அந்த எல்லை இல்லாமல் போனது, அந்த எல்லைக்குள் கட்டிய மண்டபத்தின் தேவையும் குறைந்தது. இந்தக் காரணத்தைப் போதுமான அளவு யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

எஞ்சியது நிலத்தின் கதை. பூங்கா நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு ஓர் அறக்கட்டளை பெற்றிருந்தது, நிலம் மாநகராட்சியுடையது. கட்டடத்தில் ஆட்டம் குறைந்து வருமானமும் குறைந்தபோது வளாகத்தில் உணவு விடுதியும் கடைகளும் முளைத்தன. 1980களின் நடுவில் குத்தகை முடிந்தது. அதன்பின் நிலம் யாருக்கு, கட்டடம் யாருக்கு என்று நீதிமன்றத்தில் பல வருடங்கள் போயின. வழக்கில் இருக்கும் கட்டடத்தில் ஒரு ஓடு உடைந்தாலும் மாற்றுவதற்கு ஆள் இருக்காது, ஏனென்றால் மாற்றும் செலவை எந்தத் தரப்பும் ஏற்காது. அதே காலத்தில், 1985 மே மாதக் கடைசியில், பக்கத்து மூர் மார்க்கெட் எரிந்து போனது. மிருகக்காட்சி சாலையும் அந்த ஆண்டே வண்டலூருக்குப் பெயர்ந்தது. மாலையில் குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்க்கும் இடமாக இருந்த அந்தப் பகுதி, ரயிலைப் பிடிக்க ஓடும் இடமாக மட்டும் மிஞ்சியது. பிறகு மெட்ரோ ரயில் பணி வந்தது; முன்புறம் வருடக்கணக்கில் தகரத் தடுப்புகளுக்குள் இருந்தது. மாநகராட்சி 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் ஏறக்குறைய 32 கோடி ரூபாய் மதிப்பில் முழுச் சீரமைப்பை 2023இல் தொடங்கியது.

இப்போது உங்கள் கடைசி வரி. நாடகத்துக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், முழுவதுமாக அன்று. காரணத்தைக் கட்டடத்திலிருந்தே சொல்கிறேன். நிலையான இருக்கைகள் இல்லாமல் மக்கள் நெருக்கமாக நிற்கக் கூடிய கூடத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன் பாரம், அதாவது சுமார் 500 கிலோ, கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நம் இந்தியத் தர நிர்ணயம். இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தால் 4. சாதாரண அலுவலகத் தளத்துக்கு 2.5 போதும். மேல்தளக் கூடத்தில் 600 பேரை உட்கார வைப்பது பழைய காலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்றைய தீயணைப்பு விதிகளின்படி எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் படி இறங்க முடியும் என்று கணக்கிட்டால் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கும். உள்ளே அளந்து பார்க்காமல் சொல்வதால் இதை மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள்: 200க்கும் 300க்கும் நடுவே நிற்கும் என்று நினைக்கிறேன். அந்த எண்ணிக்கை இன்றைய தமிழ் மேடை நாடகத்துக்குக் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை.

பாரத்தைவிட எனக்குப் பெரிய கவலை குளிரூட்டல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும்; கொத்தனார்கள் இதைச் "சுவர் மூச்சு விடுகிறது" என்பார்கள். சன்னல்களை அடைத்து, உள்ளே இரவும் பகலும் குளிர்க்காற்றைச் சுற்றவிட்டால், கடற்கரை ஊரின் ஈரக் காற்று வெளிப்புறமாகச் சுவருக்குள் ஏறி நடுவில் தங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் வேறொரு பழைய கூடத்தில் இதை நேரில் பார்த்தேன். உட்புறம் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்திருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினால் பானையைத் தட்டியது போல் ஓசை வந்தது. ஒரு முழ அகலத்துக்குப் பூச்சைக் கிளப்பிப் பார்த்தபோது பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. செங்கல்லை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. நூறு வருடம் நின்ற செங்கல் பத்து வருடத்தில் அந்த நிலைக்கு வந்திருந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பால் மறுபடி பூசினோம். காய்ந்து இறுக மாதங்கள் ஆயின. அந்த அவசரமின்மையைப் பொறுத்துக்கொள்ளும் உரிமையாளர் கிடைப்பது அரிது. ஆகவே விக்டோரியா ஹாலில் நாடகம் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை, மாலை வேளையில், சன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியோடு நடக்கும் நாடகம் என்று நினைத்துக்கொள்வது கட்டடத்துக்கு நல்லது.

கீழ்த்தளத்தைக் காட்சிக்கூடமாகவும் மேல்தளத்தை நிகழ்ச்சிகளுக்காகவும் வைப்பது என்ற திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். மேலும் கீழும் காட்சிக்கூடம் ஆனால் அது இன்னொரு செத்த காலேஜ் ஆகிவிடும். மேலும் கீழும் வாடகை மண்டபம் ஆனால் கல்யாண வரவேற்பும் பொருட்காட்சியும் வந்து, சுவரில் ஆணி அடிக்கிறவனைத் தடுக்க ஆள் இருக்காது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து மியூசியம் தியேட்டர் 1896இலிருந்து இன்றுவரை நாடகத்துக்குப் பயன்படுகிறது. அருங்காட்சியகம் என்ற ஒரே நிர்வாகம் பக்கத்திலேயே இருந்து கவனிப்பது அதன் அதிர்ஷ்டம். மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் 1911இல் திறந்து, 1930களில் சினிமா ஆகி, 1993இல் மூடி, 2016இல் மறுபடி திறந்தது. அங்கே கோண்டல் அரச குடும்பம் உரிமையாளராக ஒரே கையில் வைத்திருந்ததால் இருபது வருடம் மூடியிருந்தும் கட்டடம் யாருடையது என்ற வழக்கு இல்லை. விக்டோரியா ஹாலுக்கு இப்போதுதான் முதன்முறையாக நிலமும் கட்டடமும் ஒரே கைக்குள் வந்திருக்கின்றன. அந்தக் கை மாநகராட்சியுடையது என்பதால், மேல்தளத்து மேடைக்கு வருடத்தில் இத்தனை மாலைகள் நாடகத்துக்கு, இத்தனை வாசிப்புக்கும் உரைக்கும் என்று எழுத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், வாடகையைச் சிறிய நாடகக் குழு தாங்கும் அளவில் வைக்க வேண்டும் என்று மாமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம். நீங்கள் மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த மனுவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிகளை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்வதற்கு முன், மேல் கூடத்தின் மேடையில் ஒருவர் நின்று மைக் இல்லாமல் ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும். இன்னொருவர் கிழக்கு காலரியின் அடியில் நின்று கேட்கட்டும். ரிப்பன் மாளிகைப் பக்கத்துச் சாலை இரைச்சலும் சென்ட்ரலிலிருந்து வரும் அறிவிப்பும் எவ்வளவு உள்ளே வருகின்றன, எந்த வரிசை வரை சொல் தெளிவாகக் கேட்கிறது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இருக்கைகளை அந்தக் கோட்டுக்குள் போட்டால் போதும்.